கேப்டனுக்கு ஏழு வருஷமாகச் சளி

காரை ஓட்டிக்கொண்டே லவோன் ப்ரோக்னோ அந்த வாக்கியத்தைப் பன்னிரண்டாம் முறையாகச் சொல்லிப் பார்த்தாள்: "இன்னிக்கு நான் கேப்டனை எடுத்துக்கறேன்."

நாலே வார்த்தை. பல் டாக்டரின் முன்மேசையில் உட்கார்ந்து தினம் நாற்பது பேரிடம் பேசுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் மனிடோவாக் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் அதிலுள்ள கஷ்டம் தெரியும். இங்கே ஒருவரும் "எனக்கு வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தட்டில் ஒரே ஒரு கேக் துண்டு மிஞ்சினால் அதைத் தொட ஆள் இருக்காது. ஒருவர் வந்து அதில் பாதியை வெட்டிக்கொள்வார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி, கடைசியில் தபால்தலை அளவுக்கு ஒரு துணுக்கு நாலு நாள் கிடந்து காயும்.

யாராவது எதையாவது கொடுக்க வந்தாலும் அதற்கு ஒரு முறை உண்டு. முதல் தடவை "ஐயோ, வேண்டாம்." இரண்டாம் தடவை "உங்களுக்கே இருக்கட்டுமே." மூன்றாம் தடவை கேட்டால் "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால." மூன்று தடவை கேட்காதவர் மனதாரக் கொடுக்கவில்லை என்று பொருள். முதல் தடவையே கை நீட்டுகிறவரை வளர்த்தவர்கள் சரியாக வளர்க்கவில்லை என்று பொருள்.

இந்த நாகரிகம்தான் லவோனின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டது.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது டிவியில் 'தொலைவிளக்கு' என்று ஒரு தொடர் வந்தது. விண்வெளிக் கப்பல் ஒன்றின் கதை. அதன் தலைவி கேப்டன் ஹெஸ்டர் டேல். குரலை உயர்த்தவே மாட்டாள். பெரிய முடிவு ஏதாவது எடுக்க வேண்டியிருந்தால் இடது கையுறையை மெல்லக் கழற்றி மடியில் வைப்பாள்; அப்போதே எதிரி கப்பலைத் திருப்பிவிடுவான். லவோனும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஜனவரி மாதக் குளிரில், இடது கையுறையைக் கழற்றிக்கொண்டு நிற்பாள். விரல் நீலமாகி டாக்டரிடம் போனதுதான் மிச்சம். ஆனாலும் ஆசை போகவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் ஜீன் ஸ்டூப்ஸ் அந்தத் தொடரை வைத்துச் செய்த ஒரு மேஜை ஆட்டத்தை வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வீட்டு அடித்தளத்தில் நான்கு பேர் கூடுவார்கள். ஜீன் கதையை நடத்துவார். எங்கே இருக்கிறோம், எதிரே யார் வருகிறார்கள் என்பதெல்லாம் அவர் சொல்வது. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, அந்த ஆளாகவே பேசி, முடிவெடுப்பார்கள். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை சொல்லும். தொலைக்காட்சியில் வந்த கப்பல்காரர்கள் ஒவ்வொருவருக்கும் படம், திறமை, எண்கள் எல்லாம் அச்சடித்த தாள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சொந்தமாக ஆள் உண்டாக்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வெற்றுத் தாளும் ஒரு கட்டு இருந்தது.

முதல் நாள் நடந்ததை லவோன் இன்றுவரை மறக்கவில்லை.

"லவோன், நீங்க கேப்டனை எடுத்துக்குங்களேன்," என்றான் கர்ட். மருந்துக்கடைக்காரன், தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிறவன்.

"ஐயோ, எனக்கெதுக்கு? நீங்க எடுத்துக்குங்க."

"நானா? அவ்வளவு பெரிய ஆளெல்லாம் எனக்குச் சரிப்படாது. எல்ராய்?"

எல்ராய் தூண்டில் கடை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு இரண்டு வாக்கியம் பேசுவான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு லவோன் பக்கம் விரலைக் காட்டினான். ஆக லவோனுக்கு இரண்டு தடவை வந்துவிட்டது. இரண்டையும் முறைப்படி மறுத்துவிட்டு மூன்றாவதற்காக அவள் முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, ஜீன் மணியைப் பார்த்தார். "சரி, யாருக்கும் வேண்டாம்னா ஆளுக்கொரு வெத்துத் தாள் எடுத்துக்கலாம்," என்றார்.

ஒரே ஒரு தடவை குறைந்தது.

கேப்டனையே ஒருவரும் எடுக்காதபோது டாக்டரையோ தலைமை விமானியையோ எடுப்பது பேராசை ஆகிவிடாதா? எல்லோரும் வெற்றுத் தாளில் குனிந்தார்கள். கர்ட் மூன்றாம் மாற்று விமானி ஒருவனை உண்டாக்கினான். எல்ராய் பேச வராத பழுதுபார்க்கும் இயந்திரம் ஒன்றை உண்டாக்கினான். லவோன் வாய்க்கு வந்ததை எழுதினாள்: ப்ரின், தண்ணீர்த்தொட்டி மேற்பார்வை. ஐந்து நிமிஷத்தில் செய்தது. யார் வழியிலும் குறுக்கே நிற்காத வேலையாகப் பார்த்து எழுதியது. கப்பல் முழுக்க உதவியாட்கள், உத்தரவு போட ஒரு நாதியில்லை.

கதையை நடத்துகிறவர் கேப்டனையும் தானே வைத்துக்கொண்டால் ஊர் என்ன சொல்லும்? அதனால் ஜீன் முதல் வாரம், "கேப்டனுக்குச் சளி, அறையில படுத்திருக்காங்க," என்றார். அந்தச் சளி ஏழு வருஷம் இருந்தது. இடையில் இரண்டு போர் வந்தது, ஒரு கிரகம் வெடித்தது, சளி மட்டும் விடவில்லை. அவசரத்துக்கு அறைக் கதவைத் தட்டினால் உள்ளிருந்து ஒரு இருமல் கேட்கும். அதற்குச் சம்மதமென்று அர்த்தமா, மறுப்பென்று அர்த்தமா என்பதை மூன்று பேரும் உட்கார்ந்து விவாதிப்பார்கள்.

போன சனிக்கிழமை ஜீன் தொண்டையைச் செருமினார். மனைவிக்கு மூட்டுவலி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ஈஸ்டருக்கு அரிசோனா போய்விடுகிறார்கள். "இன்னும் ஆறு சனிக்கிழமை இருக்கு. கதையை அழகா முடிச்சுடலாம்."

எல்லோரும் அரிசோனாவின் வெயிலைப் பாராட்டினார்கள். லவோனும் பாராட்டினாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஜீன் போகிறாரே என்ற வருத்தம் பாதி. கேப்டனாக ஒரு நாள்கூட உட்காராமலே கதை முடியப்போகிறதே என்பது மீதிப் பாதி. இதைவிட்டால் அந்த நாற்காலி இந்த ஜென்மத்தில் கிடைக்காது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எங்கள் ஊருக்கும் தெரியும். ஆனால் இங்கே பிள்ளைகள் சத்தம் வராமல் அழும்.

அதனால்தான் இந்த நாலு வார்த்தை. ஜீன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பனியில் பூட்ஸைத் தட்டி, ஒரு கையில் எலுமிச்சை கேக் டப்பாவும் இன்னொரு கையில் தன் நோட்டுமாகப் படி இறங்கினாள். கீழ்ப்படியில் நின்று மூச்சை இழுத்தாள்.

"இன்னிக்கு நான்..."

மேஜையில் ஒரு புதிய பெண் உட்கார்ந்திருந்தாள். குட்டை முடி, பெரிய காது வளையம், ஐம்பது வயதிருக்கும். அவள் முன்னால் கேப்டன் ஹெஸ்டர் டேலின் தாள் இருந்தது. அதன் ஓரத்தில் ஏற்கெனவே காபிக் கறை.

"இவங்க டெனிஸ் ஸ்கார்பெல்லி," என்றார் ஜீன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நியூ ஜெர்சிலேருந்து வந்திருக்காங்க. முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு மேனேஜர். எங்க மாடியில குடியிருக்காங்க. இந்த ஆறு வாரம் விளையாடலாமேன்னு கூப்பிட்டேன். எது வேணுமோ எடுத்துக்குங்கன்னு சொன்னேன்."

"எடுத்துக்கிட்டேன்," என்றாள் டெனிஸ்.

காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டு போன கதைதான். லவோன் உட்கார்ந்தாள். கர்ட் ஊறுகாய்த் தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்ராய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் பேர் என்னம்மா? ஏதோ சொல்ல வந்தியே," என்றாள் டெனிஸ்.

"லவோன். ஒண்ணுமில்ல. ரோட்டுல வழுக்குதுன்னு சொல்ல வந்தேன்."

ஆட்டம் தொடங்கியது. ஏழு வருஷத்துச் சளி ஒரு நொடியில் பறந்தது. கேப்டன் கட்டிலிலிருந்து குதித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, "யாருப்பா நீங்கள்ளாம்?" என்று கேட்டாள்.

கர்ட்டால் பொறுக்க முடியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. டிவில வர்ற கேப்டன் அப்படிப் பேசமாட்டாங்க. மரியாதையா, மெதுவா..."

"நான் டிவில பாத்ததில்லியே. என்னமோ ஏழு வருஷம் படுத்திருந்தாளாமே? ஏழு வருஷம் படுத்து எந்திரிச்சா யாருக்கும் குணம் மாறும், சாமி."

ஜீன் அவசரமாகக் கதையை நகர்த்தினார். க்ராத் என்ற இனத்தார் மூன்று கப்பல்களைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். இந்த வழியே போகவேண்டுமானால் பத்தாயிரம் காலன் தண்ணீர் வேண்டுமாம். தொலைக்காட்சி கேப்டனாக இருந்தால் கையுறையைக் கழற்றியிருப்பாள். டெனிஸ் மேஜையைத் தட்டினாள்.

"பத்தாயிரமா? உங்க மூஞ்சிக்கா? ரெண்டாயிரம்."

"ஒன்பதாயிரம்," என்றார் ஜீன், க்ராத் தலைவனின் குரலில், கொஞ்சம் பயந்து.

"உன் கப்பல் ஓரமெல்லாம் துரு. ஓட்டை டப்பாவ வெச்சுக்கிட்டு ஒன்பதாயிரம் கேக்கறே. ரெண்டாயிரத்து ஐநூறு. உனக்கும் பிள்ளகுட்டி இருக்குமேன்னு தர்றேன்."

நாலாயிரத்துக்கு முடிந்தது. எல்ராய் சிரித்துவிட்டான். ஏழு வருஷத்தில் அவன் பல்லை லவோன் பார்த்தது அன்றுதான். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. இந்தக் கேப்டன் தவறான கேப்டன், சத்தம் போடுகிற கேப்டன், ஆனால் மேஜைக்கு உயிர் வந்திருந்தது. பொறாமையில் லவோனின் காது சுட்டது.

"சரி, தண்ணிக்கு யாரு?" என்றாள் டெனிஸ்.

"நான்தான்," என்றாள் லவோன். "ப்ரின்."

"ப்ரின், எந்தத் தொட்டி பெருசு?"

"நாலாவது."

"அதத் திற. குழாய அவங்க கப்பல்ல மாட்டு."

நாலாம் தொட்டி குடிதண்ணீர். லவோனின் நோட்டில் ஒன்பது தொட்டிகளுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. எதில் எவ்வளவு, எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வு இறுகிப்போயிருக்கிறது எல்லாம் ஏழு வருஷமாக எழுதி வைத்தவள். யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. மற்றவர்கள் போர் நடத்தும்போது அவள் பாட்டுக்கு அளவு குறித்துக்கொண்டிருப்பாள். நாலாவதைக் கொடுத்தால் கப்பலில் இருநூறு பேர் எட்டு நாளில் நாக்கு வறண்டு சாவார்கள்.

அவள் நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த கடுமையான வார்த்தையைச் சொன்னாள்.

"அது... கொஞ்சம் வித்தியாசமா இருக்கு."

கர்ட் மூச்சை இழுத்தான். ஜீன் பென்சிலைக் கீழே வைத்தார். எங்கள் ஊரில் ஒன்றை 'வித்தியாசமாக இருக்கிறது' என்று சொன்னால் அதைவிடக் கேவலம் உலகில் இல்லை என்று பொருள். கல்யாணங்கள் அந்த ஒரு சொல்லில் நின்றிருக்கின்றன.

"ரொம்ப தேங்க்ஸ்," என்றாள் டெனிஸ். "நான் எப்பவுமே வித்தியாசமாத்தான் யோசிப்பேன். திற."

"சாண்ட்விச் சாப்பிடலாமா?" என்றார் ஜீன். சண்டை வரும்போல் இருந்தால் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம்.

டெனிஸ் கை கழுவப் போனாள். மற்ற நால்வரும் மேலே சமையலறையில் பன்றித்தொடை சாண்ட்விச்சைச் சுற்றி நின்று கிசுகிசுத்தார்கள்.

"கேப்டனுக்கு மறுபடியும் சளி பிடிச்சுட்டா?" என்றார் ஜீன்.

"பாவம், அவங்க மனசு கஷ்டப்படும்," என்றான் கர்ட். பிறகு ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "உண்மைய சொன்னா, எனக்கும் அந்தக் கேப்டன் மேல ஒரு கண்ணு இருந்துச்சு. முதல் நாளே."

"எனக்கும்தான்," என்றான் எல்ராய்.

இந்த வருஷத்து இரண்டு வாக்கியங்களில் ஒன்று செலவானது. ஜீன் தலையைச் சொறிந்தார். "நான் மட்டும் என்ன? பெட்டிய வாங்கினதே அவளுக்காகத்தான்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆளாளுக்கு ஆசையை மடியில் கட்டிக்கொண்டு, ஏழு வருஷம் ஒரு பெண்பிள்ளையைச் சளியில் படுக்கவைத்திருந்திருக்கிறார்கள். லவோனுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அதில் முக்கால்வாசி தன்மீதே.

அந்த நேரம் பார்த்து டெனிஸ் உள்ளே வந்தாள். "என்னைப் பத்தித்தானே பேசறீங்க?"

"இல்லல்ல," என்றார்கள் நால்வரும்.

டெனிஸ் லவோன் பக்கம் திரும்பினாள். "நான் திறன்னு சொன்னதும் உன் மூஞ்சி போன போக்கைப் பாத்தேன். உனக்கு அந்தக் கேப்டன் வேணுமா? வேணும்னா சொல்லு, குடுத்துடறேன்."

முப்பத்தெட்டு வருஷ ஆசை வாசலில் வந்து நின்றது. லவோனின் வாய் அதுவாகத் திறந்து, பழகிய பாட்டைப் பாடியது. "ஐயோ, வேண்டாம். உங்களுக்குத்தான் நல்லா இருக்கு."

"சரி," என்றாள் டெனிஸ், ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

லவோன் இரண்டாவது தடவைக்காகக் காத்து நின்றாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கி, நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. இரண்டாவது தடவை வரவில்லை. வரப்போவதும் இல்லை.

"ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க," என்றாள் லவோன், நம்ப முடியாமல்.

"அந்தப் பக்கம் அப்படித்தானாம்," என்றான் கர்ட் அனுதாபத்துடன்.

மறுபடி மேஜையில் உட்கார்ந்தபோது லவோனுக்கு ஒரு விஷயம் தெளிவாகியிருந்தது. கேப்டன் போனது போனதுதான். ஆனால் தண்ணீர் இன்னும் போகவில்லை.

"ப்ரின், தொட்டிய திறந்தியா?" என்றாள் டெனிஸ்.

"மன்னிக்கணும் கேப்டன். ப்ரின் திறக்கமாட்டா."

கர்ட்டின் கையிலிருந்து ஊறுகாய் விழுந்தது.

"என்ன சொன்னே?"

"அது குடிக்கற தண்ணி. இருநூறு பேர் குடிக்கறது. திறக்கமாட்டா."

டெனிஸின் கண் பளபளத்தது. சண்டை என்றால் அவளுக்குச் சர்க்கரைப்பொங்கல் போலிருக்கிறது. "அப்படியா? காவலுக்கு ஆறு பேர அனுப்பறேன். வால்வு அறைய உடைச்சுத் திறப்பாங்க. ஜீன், பகடைய உருட்டவா?"

"ஒரு நிமிஷம்," என்று லவோன் நோட்டைப் புரட்டினாள். "வால்வு அறைக்கு ரெண்டு கதவு. கிழக்குக் கதவ மூணாம் வருஷம் மார்ச்ல தீப்பிடிச்சப்ப உருக்கி அடைச்சோம். மேற்குக் கதவு ப்ரின் கைரேகைக்கு மட்டும்தான் திறக்கும். அதச் சொன்னது நீங்கதான், ஜீன். அன்னிக்கு உங்களுக்குப் பல்வலி."

ஜீன் தன் குறிப்புகளைத் தேடினார். நேரமாயிற்று. "ஆமா," என்றார் கடைசியில், கண்ணாடிக்கு மேலாக. "நான்தான் சொல்லியிருக்கேன். பகடை வேண்டாம். திறக்காது."

"அப்போ மேல்தளத்துலேருந்து ஓட்டை போடறேன்."

"மேல்தளத்துல ஏழாம் தொட்டியோட கழிவுக்குழாய் போகுது. ஓட்டை போடறவங்க குடை எடுத்துக்கிட்டுப் போறது நல்லது." லவோன் இன்னொரு பக்கத்தைத் திருப்பினாள். தன் குரலை அவளே கேட்டாள். உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "அப்புறம் ஒண்ணு, கேப்டன். உங்க அறைக்கும் தண்ணிய நிறுத்திட்டேன். காபி போட முடியாது. சங்கடத்துக்கு வருந்தறேன்."

"என் விமானியும்," என்றான் கர்ட், "ப்ரின் பக்கம் கொஞ்சம் சாஞ்சு இருக்கான்னு வெச்சுக்கலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்லேன்னா."

எல்ராய் தன் இயந்திரத்தின் பொம்மையை எடுத்து, வரைபடத்தில் மேற்குக் கதவுக்கு முன்னால் வைத்தான்.

டெனிஸ் பின்னால் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். காது வளையம் ஆடியது. "ஏம்மா, உண்மைய சொல்லு. உனக்கு இந்தக் கேப்டன் வேணும்தானே?"

"ஆமா," என்றாள் லவோன். "ஒன்பது வயசுலேருந்து."

"மேல கேட்டேனே. வேண்டாம்னியே."

"நீங்க ஒரு தடவைதான் கேட்டீங்க."

"எத்தனை தடவை கேக்கணும்?"

"மூணு," என்றார்கள் மேஜையைச் சுற்றியிருந்த எல்லோரும். எல்ராயின் இந்த வருஷத்துப் பேச்சு அதோடு தீர்ந்தது.

டெனிஸ் எல்லோருடைய முகத்தையும் ஒரு முறை பார்த்தாள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வழி தவறி நுழைந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு கேப்டன் தாளை எடுத்து லவோன் முன்னால் போட்டாள். "இந்தா. எனக்கென்ன. ஜீன், இவ கேப்டன்."

லவோன் அதைக் கையில் எடுத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அதே முகம், அதே கையுறை. தைரியம் பதினெட்டு, தலைமை பத்தொன்பது, எல்லாம் அச்சில். பிறந்த ஊர் அச்சில். அஞ்சுவது எதற்கு, நேசிப்பது யாரை, அதுவும் அச்சில். கீழே குறிப்பு எழுதக் கால் அங்குல இடம் விட்டிருந்தார்கள், அதில் காபிக் கறை.

"அப்போ நான் இத எடுத்துக்கறேன்," என்றாள் டெனிஸ். அவள் கை மேஜையைத் தாண்டி வந்து ப்ரின்னின் தாளையும் நோட்டையும் சேர்த்து இழுத்தது. "ஆளுக்கு ஒருத்தர்தானே? இந்தத் தண்ணிக்காரிதான் கப்பல்லயே கெட்டிக்காரி. கேப்டன் எவ வேணா ஆகலாம். எனக்கு இவதான் வேணும்."

படீரென்று ஒரு சத்தம். நோட்டின்மேல் லவோனின் உள்ளங்கை விழுந்திருந்தது. கோப்பைகள் ஆடின.

"தொடாதே," என்றாள் லவோன்.

'நீங்க' இல்லை, 'தயவுசெய்து' இல்லை, 'மன்னிக்கணும்' இல்லை. மேலே வீட்டில் ஜீனின் மனைவி ஜாய்ஸ் தையல் மிஷினை நிறுத்தியது கேட்டது. வெட்கம் வரும் என்று லவோன் ஒரு கணம் காத்திருந்தாள், வரவில்லை. ஏழு வருஷம், ஒன்பது தொட்டி, முந்நூறு பக்கம். இந்தப் பெண்ணை யார் வழியிலும் நிற்காதவளாகத்தான் அவள் உண்டாக்கினாள். இன்று மூன்று வழியையும் அடைத்துக்கொண்டு கப்பலின் குறுக்கே நிற்கிறவளும் அவள்தான். அவளை இன்னொருத்தி வாயில் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க லவோனால் முடியாது.

"இது என்னோடது," என்றாள். கேப்டன் தாளை மேஜைமேல் வைத்து டெனிஸ் பக்கம் தள்ளினாள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, இருந்தாலும் தள்ளினாள். "கேப்டனா நீயே இரு. நல்லாத்தான் பண்றே. டிவில வர்றவ மாதிரி இல்ல, ஆனா நல்லா இருக்கு. தண்ணி மட்டும் என்னைக் கேட்டுத்தான் போகும்."

"கேக்கறேன்," என்றாள் டெனிஸ். அவள் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை இருந்தது. "ஆனா க்ராத்காரன் வாசல்ல நிக்கறான். நாலாயிரம் காலன்னு வாக்கு குடுத்திருக்கேன். என்ன பண்ணலாம், சொல்லு."

ஜீன் லவோனைப் பார்த்தார். கர்ட்டும் எல்ராயும் பார்த்தார்கள். ஏழு வருஷத்தில் இந்த மேஜையில் அவளிடம் யாரும் 'என்ன பண்ணலாம்' என்று கேட்டதில்லை. அவளும் இடம் கொடுத்ததில்லை.

லவோன் நோட்டைத் திறந்து, விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனாள்.

"ஜீன், அவங்க தண்ணி கேட்டது குடிக்கவா?"

"இல்ல. எஞ்சினைக் குளிர வைக்க."

"அப்போ ஆறாம் தொட்டி. சரியா நாலாயிரத்து நூறு காலன் இருக்கு. குழாய மாட்டிடறேன்."

"ஆறுல என்ன தண்ணி?" என்றாள் டெனிஸ்.

"இருநூறு பேர் குளிச்சது."

டெனிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கர்ட் திகைத்துப்போய், "அவங்ககிட்ட அதச் சொல்லவேண்டாமா? மரியாதைக்கு?" என்றான்.

"கேட்டா சொல்லலாம்," என்றாள் லவோன்.

ஜீன் பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "லவோன், நிஜமாவே ப்ரின் இதைச் செய்யறாளா?"

"ஆமா," என்றாள் லவோன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.